சுருளும் முனையும் தொப்பியும்: ஊக்கைப் பற்றி விரிவாக

“சேஃப்டி பின்னைப் புடவைக்குக் குத்துவதைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? பட்டுப்புடவையில் குத்தினால் ஓட்டை விழுகிறதே, அதைத் தவிர்க்க வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தையலும் புடவை கட்டிவிடுவதும்தான் என் தொழில். அதனால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். துணி ஏன் கிழிகிறது என்று தெரிந்துவிட்டால், ஊக்கை வேறு எங்கெல்லாம் நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதும் தானாகப் பிடிபட்டுவிடும்.

ஒரு ஊக்கைத் திறந்து கையில் வைத்துப் பாருங்கள். ஒரே கம்பிதான். நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கால்களாக நீட்டியிருப்பார்கள். ஒரு காலின் நுனி கூர்முனை. இன்னொரு காலின் நுனியில் தகட்டை மடித்து அழுத்திய ஒரு தொப்பி. இந்த மூன்றில் எல்லாரும் கவனிப்பது முனையை, விரலில் குத்திக்கொண்டால் தொப்பியை. உண்மையில் வேலையைச் செய்வது சுருள். கூரான காலை அழுத்தித் தொப்பிக்குள் நுழைக்கும்போது சுருள் இறுகுகிறது. உள்ளே போன கால் வெளியே வரத் துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளுதல்தான் முனையைத் தொப்பியின் விளிம்போடு அழுத்திப் பிடித்து நிறுத்துகிறது. சுருள் இல்லாமல் கம்பியை வெறுமனே மடித்திருந்தால் வளைவு முழுவதும் ஒரே இடத்தில் விழும். நாலு தடவை திறந்து மூடினால் கம்பி மடிந்தபடியே நின்றுவிடும். சுற்றிவிட்டதால் அந்த வளைவு சுற்று முழுக்கப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

கடையில் வாங்கும்போது இதைத்தான் சோதிக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிடுங்கள். கால் சட்டென்று விலகி அகலமாக நின்றால் நல்ல ஊக்கு. தொப்பிக்குப் பக்கத்திலேயே சோம்பலாக நின்றால் அது பாரம் தாங்காது, பாதி விருந்தில் திறந்துகொள்ளும்.

இந்தச் சுருள் பழைய யோசனை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தின் மைசீனியப் பகுதிகளில் வெண்கலக் கம்பியைச் சுருட்டி ஆடையைப் பிடித்து நிறுத்தும் ஊசிகளைச் செய்திருக்கிறார்கள். பின்னால் ரோமானியர்கள் அதைப் பூவேலை, எனாமல் எல்லாம் சேர்த்து நகையாகவே ஆக்கிவிட்டார்கள். இன்று நாம் குத்தும் ஊக்கு நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் என்பவரால் வந்தது. 1849 ஏப்ரல் 10 அன்று அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 6,281. ஒரே கம்பியில் சுருளும் பிடியும் சேர்ந்திருப்பதால் உடைய மூட்டு இல்லை, தேய்ந்து தளரக் கீல் இல்லை, விரலும் குத்துப்படாது என்று அதில் விளக்கியிருந்தார். 15 டாலர் கடனை அடைக்க இதைச் செய்து, உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

தையல்காரர்களாகிய நாங்கள் அவரை நினைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1830களிலேயே, நுனியில் கண் வைத்த ஊசியும், அடிநூலைக் கொண்டுபோகும் ஓடமும் சேர்ந்து, இரண்டு நூலையும் ஒன்றோடொன்று பூட்டித் தைக்கும் இயந்திரத்தை அவர் செய்துவிட்டார். கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களின் வேலை போய்விடும் என்று தயங்கி, காப்புரிமை கேட்காமலே விட்டுவிட்டார் என்கிறார்கள். 1846-இல் எலியாஸ் ஹோவ் என்ற இன்னொரு அமெரிக்கர் அத்தகைய தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு வழக்கு வந்தபோது ஹண்ட் முந்திச் செய்தது தெரிந்தும், உரிமை ஹோவிடமே நின்றது. ஒரே மனிதரின் கையிலிருந்து ஊக்கும் தையல் இயந்திரமும் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி பட்டு. ஊக்கு குத்துவதால் மட்டும் பட்டில் ஓட்டை விழுவதில்லை. முனை கூராக இருந்தால் அது நூல்களை விலக்கிக்கொண்டு நடுவில் நுழையும். எடுத்ததும் நூல்கள் பழையபடி சேர்ந்துகொள்ளும். முனை மழுங்கியோ மடிந்தோ இருந்தால் நூலை அறுத்துக்கொண்டு போகும். ஆகவே பட்டுக்குக் குத்தும் முன் முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. பிறாண்டினால் அந்த ஊக்கு பட்டுக்கு ஆகாது, நாடா கோர்க்க வைத்துக்கொள்ளலாம். ஜரிகையில் இன்னும் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதில் மழுங்கிய முனை பட்டால் மேல்சுற்று அவிழ்ந்து பிசிறாக நிற்கும். அதைச் சரிசெய்ய முடியாது. முடிந்தவரை ஜரிகையை விட்டுவிட்டுப் புடவையின் உடல் பகுதியில் குத்துங்கள். பெரிய பார்டராக இருந்து வேறு வழியில்லை என்றால் மெல்லிய புது ஊக்கு மட்டும்.

இரண்டாவது காரணம் பாரம். கனமான பட்டின் முந்தானை முழுவதும் தோளில் ஒரே ஊக்கில் தொங்கினால், அந்த ஒற்றைத் துளை மெல்ல நீண்டு கிழிசலாகும். முந்தானை மடிப்புகளை முதலில் அடுக்கி, அவற்றை மட்டும் ஒன்றோடொன்று சேர்த்து உள்பக்கமாக ஒரு ஊக்கு குத்துங்கள். பிறகு அந்த அடுக்கின் அடி மடிப்புகளை மட்டும் ரவிக்கையோடு சேர்த்து, ரவிக்கையின் உட்புறமிருந்து இன்னொரு ஊக்கு. ஏழு மடிப்பையும் ரவிக்கையையும் ஒரே சின்ன ஊக்கில் அடைக்கப் பார்ப்பதால்தான் கம்பி வளைந்து தொப்பி கழன்றுவிடுகிறது. ஊக்கு படுத்திருக்கும் திசையும் முக்கியம். புடவை கீழ்நோக்கி இழுக்கும். அந்த இழுப்புக்குக் குறுக்கே, தோள் கோட்டை ஒட்டி ஊக்கு படுத்திருந்தால் பாரம் அதன் நீளம் முழுக்கப் பரவும். இழுப்பின் திசையிலேயே குத்தினால் ஒரே நூல்வரிசை மொத்தத்தையும் சுமக்கும். இடுப்பில் கொசுவத்துக்கும் இதே முறைதான்: மடிப்புகளை மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒன்றாகச் சேர்த்துக் குத்தி, உள்பாவாடைக்குள் செருகி, வேண்டுமானால் பாவாடையோடு ஒரு ஊக்கு. தொப்பி பக்கவாட்டில் பார்த்திருக்கட்டும். வயிற்றை நோக்கி இருந்தால் உட்காரும்போது அழுத்தும்.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. துணியைக் கெடுப்பது பல நேரம் முனையல்ல, சுருள். ஊக்கை ஆழமாக நுழைக்கும்போது துணி நகர்ந்து நகர்ந்து சுருளின் இடுக்குக்குள் போய் மாட்டிக்கொள்ளும். மாலையில் களைப்போடு வந்து வெடுக்கென்று இழுக்கும்போது நூல் இழுபட்டுத் துணியில் கோடு விழுகிறது, அல்லது சின்னக் கிழிசல். இதற்கு எளிய வழி: குத்துவதற்கு முன் கூரான காலில் ஒரு பாசிமணியைக் கோர்த்துச் சுருள்வரை தள்ளிவிடுங்கள். துணி மணியோடு நின்றுவிடும். இப்போது சுருளை பிளாஸ்டிக் வளையத்தால் மூடிய ஊக்குகளும் விற்கிறார்கள். ஷிஃபான், ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணிக்கு, கடைகளில் விலைச்சீட்டு தொங்கவிடும் பேரிக்காய் வடிவச் சின்ன ஊக்கு நல்லது. அதில் சுருளே கிடையாது. ஆனால் பாரம் தாங்காது, எனவே பட்டு முந்தானைக்கு வேண்டாம். நூல் ஏற்கெனவே சுருளில் மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சுருளைப் பக்கவாட்டில் லேசாகத் திருகித் தளர்த்தி, இன்னொரு ஊசி முனையால் நூலை வெளியே எடுங்கள். சின்னத் துளை தெரிந்தால் துணியை மேசைமேல் விரித்து, கரண்டியின் முதுகால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாகத் தேயுங்கள். நூல் அறாமல் விலகி மட்டும் இருந்தால் சேர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஊக்கைக் கழற்றிவிட்டுத்தான் புடவையைப் பீரோவில் வைக்க வேண்டும். அடுத்த முறை சுலபமாக இருக்கட்டும் என்று மடிப்போடு ஊக்கையும் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கும் துணியில் மிஞ்சிய வியர்வைக்கும் நிக்கல் முலாம் நெடுநாள் தாங்காது. உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து, மஞ்சள் வட்டம் விழும். வெள்ளைப் பருத்தியில் என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டு அலசினால் போகும். பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீர்கள், துருக்கறையை அது இன்னும் ஆழமாக்கும். பட்டில் துரு பிடித்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், சாயமும் சேர்ந்து போய்விடும். அனுபவமுள்ள உலர்சலவைக் கடையில் காட்டுங்கள்.

நாடா கோர்ப்பதற்கு வருவோம். பாவாடை நாடா, சுடிதார் நாடா, பழைய எலாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் புதியது கோர்ப்பது என எல்லாவற்றுக்கும் ஊக்கைவிட நல்ல கருவி வீட்டில் இல்லை. பட்டிக்குள் தாராளமாக நுழைகிற அளவில் பெரிய ஊக்காக எடுத்துக்கொண்டால் துணிக்கு மேலிருந்தே விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். நாடாவின் மறுமுனையை இன்னொரு ஊக்கால் பட்டியின் வாயில் குத்திவைத்துவிடுங்கள், உள்ளே ஓடிவிடாது. தொப்பிப் பக்கம் முன்னே போகட்டும், அது வழவழப்பாக இருப்பதால் தையலில் இடறாது. நடுவழியில் திறந்துகொண்டால் ஒருபோதும் மேலே தள்ளாதீர்கள். முனை முன்னே பார்த்து நிற்கிறது, தள்ளத் தள்ளத் துணியில் ஏறும். நாடாவைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் முனை வால்போல வந்துவிடும், எதிலும் மாட்டாது.

இதே விதியை மனித உடம்புக்குள் கடைப்பிடித்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்கத் தொண்டை மருத்துவர் செவாலியே ஜாக்சன். குழந்தைகள் விழுங்கிய, மூச்சில் இழுத்துக்கொண்ட பொருள்களை அறுக்காமல் குழாய்க் கருவி வழியாக எடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். அப்படி எடுத்த 2,374 பொருள்கள் பிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஊக்குகளும் உண்டு. முன்னே போகும் முனை துளைக்கும், பின்னே வரும் முனை துளைக்காது என்பது அவர் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். திறந்த ஊக்கு முனை மேல்நோக்கி உணவுக்குழாயில் நின்றால், அப்படியே இழுப்பது ஆபத்து. அதனால் உள்ளேயே மூடுவது, அல்லது இரைப்பைக்குள் இறக்கித் திருப்பி, சுருள் முன்னே வரும்படி எடுப்பது என்று வழிகளை வகுத்தார்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் வீட்டுப் பெண்கள் தாலிச் சரட்டிலும் சங்கிலியிலும் வளையலிலும் நாலைந்து ஊக்கை மாட்டியே வைத்திருப்போம். தாலியில் இரும்பு மாட்டக்கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். அவசரத்துக்குக் கைக்கு எட்டுகிற இடம் அதுதான் என்று நாம் மாட்டுவோம். சாஸ்திரத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் மடியில் கைக்குழந்தை இருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். பால் குடிக்கும் குழந்தையின் கை முதலில் பிடிப்பது அந்தச் சங்கிலியைத்தான், அடுத்து வாய்க்குக் கொண்டுபோகும். குழந்தைக்குத் துணி கட்டும்போதும் ஊக்கு வேண்டாம், நாடா வைத்துத் தைத்த முக்கோணத் துணியே போதும்.

பெரியவர்களுக்கும் ஒன்று: புடவை கட்டும்போது ஊக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு பேசாதீர்கள். ஒரு சிரிப்பு, ஒரு தும்மல் போதும், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மணிக்கட்டில் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டைக் கட்டிக்கொண்டு அதில் குத்திவையுங்கள், எங்கள் தொழிலில் அப்படித்தான். குழந்தை ஊக்கை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுக்காதீர்கள், விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எதுவும் கொடுக்காமல், எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்; வண்டி இல்லையென்றால் 108. அதே அளவு ஊக்கு இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

மருத்துவமனையிலும் ஊக்குக்கு வேலை உண்டு. அறுவைக்குப் பின் காயத்திலிருந்து நீர் வடிய ரப்பர்ப் பட்டை வைப்பார்கள். அது உள்ளே நழுவிப் போய்விடாதிருக்க வெளிநுனியில் கிருமி நீக்கிய ஊக்கு ஒன்றைக் குத்திவைப்பது பழைய வழக்கம். நரம்பு மருத்துவர், கை கால் மரத்துப் போனதா என்று பார்க்கும்போது, முனையால் ஒரு தடவை, தொப்பியால் ஒரு தடவை மாற்றி மாற்றித் தொட்டு, “இது கூரா, மொட்டையா?” என்று கேட்பார். ஒரே பொருளில் கூரும் மொட்டையும் இருப்பது அங்கே வசதியாகிறது. ஒருவருக்குத் தொட்டதை இன்னொருவருக்குத் தொடமாட்டார்கள். கை முறிந்தால் முக்கோணத் துணியில் தொட்டில் கட்டி முழங்கையின் ஓரத்தை ஊக்கால் மடித்துக் குத்துவது முதலுதவி வகுப்பில் சொல்லித்தருவதுதான். துணி கிடைக்காவிட்டால் சட்டையின் கீழ்விளிம்பையே மேலே மடித்து, கையை உள்ளே வைத்து, மார்புப் பக்கம் இரண்டு ஊக்கு குத்தினாலும் மருத்துவமனை போய்ச் சேரும்வரை தாங்கும். காலில் தைத்த முள்ளை எடுக்கவும் ஊக்குதான். முனையைச் சுடரில் காட்டி, கரியைத் துடைத்து, முள்ளின் போக்கிலேயே தோலை நெம்ப வேண்டும். துருப்பிடித்த ஊக்கால் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் செருப்பின் வார் பாதி வழியில் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாதவர்கள் நம்மில் குறைவு. குமிழைத் திரும்பத் துளைக்குள் திணித்து, அடியில் குமிழுக்கு மேலே தெரியும் கழுத்தில் ஊக்கைக் குறுக்கே செலுத்திப் பூட்டிவிட்டால் துளையைவிட அகலமாகிவிடும், மறுபடி வெளியே வராது. அடுப்பு பர்னரின் கண் அடைத்தால் ஆறவிட்டுக் குத்தி எடுப்பது, ஜிப்பின் பிடி உடைந்தால் அங்கே மாட்டி இழுப்பது, போனில் சிம் தட்டைத் தள்ளித் திறப்பது, கொசுவலையின் கிழிசலைத் தைக்கும்வரை பிடித்துவைப்பது, எல்.கே.ஜி. பிள்ளையின் சட்டையில் கைக்குட்டையைக் குத்தி அனுப்புவது, துவைக்கும்போது காலுறை ஜோடி பிரியாமல் சேர்த்து மாட்டுவது என்று இந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். ஒன்று மட்டும் கூடாது: மின்சாரம் போகிற இடம் எதிலும் ஊக்கை நுழைக்காதீர்கள்.

சொல்லாமல் விட முடியாத பயன் ஒன்று இருக்கிறது. கூட்டமான பேருந்தில் பின்னாலிருந்து வரும் கைக்குப் பதில் சொல்ல, அம்மாக்களும் அக்காக்களும் நம் கையில் கொடுத்தனுப்பியது ஊக்கைத்தான். இது இன்று வந்ததல்ல. ஏதென்ஸ் நகரத்தார் ஏஜினாத் தீவின் மேல் படையெடுத்துப் போனபோது ஒருவன் மட்டும் உயிரோடு திரும்பினான், “என் கணவன் எங்கே?” என்று கேட்டுப் பெண்கள் தங்கள் ஆடை ஊசிகளாலேயே அவனைக் குத்திக் கொன்றார்கள், அதற்குத் தண்டனையாக, ஊசி தேவைப்படாத ஆடைக்கு அவர்களை மாற்றினார்கள் என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் டிராம் வண்டிகளில், தலைத் தொப்பியைக் கூந்தலோடு பிடிக்கும் நீண்ட ஊசியால் தங்களைக் காத்துக்கொண்டபோது, சிகாகோ நகரம் 1910-இல் அந்த ஊசியின் நீளத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. கைவைத்தவனை விட்டுவிட்டு ஊசியை அளந்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஊக்கு கையில் இருக்கட்டும், ஆனால் குரலும் எழட்டும். நடத்துநரைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண். கூட்டத்தில் ஊக்கைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வண்டி குலுங்கினால் பக்கத்துக் குழந்தையின் முகத்தில் படும்.

அடையாளமாகவும் ஊக்கு இருந்திருக்கிறது. 1970களில் லண்டனில் பங்க் என்ற கலகப் பாணியைப் பின்பற்றிய இளைஞர்கள் கிழிந்த சட்டையிலும் காதிலும் குத்திக்கொண்டார்கள். 1994-இல் நடிகை எலிசபெத் ஹர்லி அணிந்த, இத்தாலிய ஆடை நிறுவனமான வெர்சாசேயின் கறுப்பு உடையின் பக்கவாட்டைப் பெரிய பொன்னிற ஊக்குகள் பிடித்திருந்தன. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகப் பிரிட்டன் வாக்களித்த பிறகு, குடியேறியவர்கள்மேல் வசை கூடியபோது, “என் பக்கத்தில் நீங்கள் பத்திரம்” என்று காட்டப் பலர் சட்டையில் வெறும் ஊக்கைக் குத்திக்கொண்டு நடந்தார்கள்.

வாங்குவதற்கு வந்தால், ஃபேன்சி ஸ்டோரிலும் மின்சார ரயிலிலும் கலந்த அளவில் கோர்த்துத் தரும் கொத்தே அன்றாடத்துக்குப் போதும். பட்டுக்கு மட்டும் தனியாக மெல்லிய சின்ன ஊக்குகள் ஒரு டஜன் வாங்கி, ஒரு டப்பாவில் அரிசி கொஞ்சம் போட்டு அதில் வையுங்கள், ஈரம் அண்டாது. அவற்றை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். ஊக்கு தோலில் படும் இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். துணிக்கு வெளியே மட்டும் குத்துங்கள், சங்கிலியில் மாட்டுவதை நிறுத்துங்கள். வளைந்ததையும் துருப்பிடித்ததையும் குப்பையில் அப்படியே போடாமல், மூடி, பழைய மருந்து டப்பா ஒன்றில் சேர்த்து ஒட்டிக் கொடுங்கள். அந்தக் குப்பையைப் பிரிக்கிறவர் பல நேரம் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்.